கவுன்சில் குழந்தைகளை ஒழுங்காகப் பாதுகாக்கிறதா? காகிதத்தைப் படித்து ஒரு கேள்வி கேட்பது எப்படி

இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்களிடம், கவுன்சிலின் குழந்தைகள் சேவைத் துறையான 'சோஷியல் சர்வீஸ்' என்று சொன்னாலே முகம் மாறிவிடும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பேச்சு ஒரு பக்கம், எத்தனை தடவை சொன்னாலும் வந்து எட்டிப் பார்க்கமாட்டார்கள் என்ற குறை இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே ஆளே ஒரே மூச்சில் சொல்வதையும் கேட்கலாம். ஆனால் அந்தத் துறையைக் கேள்வி கேட்பதற்கென்றே கவுன்சிலர்கள் கூடும் ஒரு கூட்டம் உண்டு, அது பொதுக்கூட்டம், அதன் காகிதங்கள் எல்லாம் முன்கூட்டியே இலவசமாக வலைத்தளத்தில் கிடக்கின்றன, யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம் என்பது பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. பொதுமக்கள் வரிசையில் பல நாட்கள் ஒரு தலைகூட இருக்காது. அங்கே எப்படி உள்ளே போவது, எதைப் படிப்பது, என்ன கேட்பது என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் ஒன்று. உங்களுக்குத் தெரிந்த ஒரு குழந்தை இப்போது ஆபத்தில் இருக்கிறது என்று தோன்றினால், இதை மேற்கொண்டு படிக்க வேண்டாம். உடனடி ஆபத்து என்றால் 999, இல்லாவிட்டால் குழந்தை வசிக்கும் பகுதியின் கவுன்சிலில் குழந்தைகள் சேவைக்குப் போன் செய்யுங்கள், இரவு நேரத்துக்குத் தனி எண் இருக்கும். இப்படி ஒரு குழந்தையைப் பற்றி ரெஃபரல், அதாவது புகார் வந்தால் அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதை ஒரு வேலை நாளுக்குள் அவர்கள் முடிவு செய்தாக வேண்டும். கமிட்டிக் கூட்டம் இதற்கான இடம் இல்லை. அது மொத்த அமைப்பும் வேலை செய்கிறதா என்று பார்க்கும் இடம்.

யார் யாரைக் கேட்க வேண்டும்

இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் சட்டமும் ஆய்வு அமைப்பும் வேறு.

லண்டனில் இருந்தால் உங்கள் பரோ கவுன்சிலேதான் பொறுப்பு. ஹாரோ என்றால் ஹாரோ, நியூஹாம் என்றால் நியூஹாம். லண்டனுக்கு வெளியே சில ஊர்களில் மாவட்ட கவுன்சில், கவுண்டி கவுன்சில் என்று இரண்டு இருக்கும். குப்பை எடுப்பது மாவட்டம், குழந்தைகள் சேவை கவுண்டி. தப்பான கவுன்சிலுக்கு எழுதிவிட்டு இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். சில இடங்களில் இந்த வேலையைத் தனி நிறுவனம் செய்யும். கிங்ஸ்டன், ரிச்மண்ட் பக்கம் 'அச்சீவிங் ஃபார் சில்ட்ரன்', பர்மிங்காமில் 'பர்மிங்காம் சில்ட்ரன்ஸ் டிரஸ்ட்'. பெயர்ப்பலகை எதுவானாலும் சட்டப்படி பொறுப்பு கவுன்சிலுடையது, அதனால் 'அது டிரஸ்டின் விஷயம்' என்று யாராவது கையை விரித்தால் விட்டுவிடாதீர்கள்.

கவுன்சிலுக்குள் இரண்டு பேரைத் தெரிந்துகொண்டால் போதும். ஒருவர் டைரக்டர் ஆஃப் சில்ட்ரன்ஸ் சர்வீசஸ், சம்பளம் வாங்கும் அதிகாரி. இன்னொருவர் லீட் மெம்பர், குழந்தைகள் சேவைக்குப் பொறுப்பான கவுன்சிலர், மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர். இந்த இரண்டு பதவிகளையும் கட்டாயமாக்கியது 2004-ம் ஆண்டு குழந்தைகள் சட்டம். 2000 பிப்ரவரியில் எட்டு வயது விக்டோரியா கிளிம்பியே கொடுமை தாங்காமல் இறந்தபோது, அவளை ஒன்றுக்கு மேற்பட்ட கவுன்சில்களும் போலீசும் மருத்துவமனைகளும் ஏற்கெனவே பார்த்திருந்தும், என் கையில் இருந்தது என்று சொல்ல மேல்மட்டத்தில் ஓர் ஆள் இல்லை. 2003-ல் வந்த லார்ட் லேமிங் அறிக்கை அதைத்தான் கிழித்தெடுத்தது. இப்போது பெயர் சொல்லிக் கேட்க இரண்டு பேர் இருப்பது அதற்குப் பிறகுதான்.

இந்த இருவரையும் கேள்வி கேட்பது ஸ்க்ரூட்டினி கமிட்டி, முதலில் சொன்ன கூட்டம் இதனுடையதுதான். கவுன்சிலில் முடிவெடுக்கும் குழுவான கேபினட்டில் இருக்கும் கவுன்சிலர்கள் இதில் உறுப்பினராக முடியாது. பள்ளிக் கல்வியையும் சேர்த்துப் பார்க்கும் கமிட்டி என்றால், பெற்றோர் சார்பில் பள்ளி நிர்வாகக் குழுவில் இருக்கும் பேரன்ட் கவர்னர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பும் பிரதிநிதிகளும் இருப்பார்கள், கல்வி விஷயங்களில் அவர்களுக்கு ஓட்டும் உண்டு. இந்த நாற்காலி பல கவுன்சில்களில் ஆளில்லாமல் காலியாகக் கிடக்கும். நீங்கள் பேரன்ட் கவர்னராக இருந்தால் விசாரித்துப் பாருங்கள்.

கமிட்டி தூங்கினால் என்ன ஆகும் என்பதற்கு வட இங்கிலாந்தின் ராதர்ஹாமைத் தாண்டி உதாரணம் தேவையில்லை. 1997 முதல் 2013 வரை குறைந்தபட்சம் சுமார் 1,400 குழந்தைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளானார்கள் என்று 2014 ஆகஸ்டில் அலெக்சிஸ் ஜே அறிக்கை சொன்னது. 2015-ல் லூயிஸ் கேசி அறிக்கை வந்து, கவுன்சிலர்கள் தங்கள் அதிகாரிகளைக் கேள்வி கேட்கும் நிலையிலேயே இல்லை என்று காட்டிய பிறகு, மத்திய அரசு கமிஷனர்களை அனுப்பி நிர்வாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டது.

காகிதத்தைக் கண்டுபிடிப்பது

கவுன்சில் வலைத்தளத்தில் 'கமிட்டிகள்', 'கூட்டங்கள்' என்ற பக்கத்துக்குப் போனால் பட்டியல் வரும். பெயரில் 'சில்ட்ரன்', 'யங் பீப்பிள்', 'ஃபேமிலீஸ்' என்று ஏதாவது ஒன்று இருக்கும். சில கவுன்சில்களில் கேபினட், ஸ்க்ரூட்டினி என்ற பிரிவே இல்லாமல் கமிட்டி முறை நடக்கும், அங்கே குழந்தைகளுக்கான கமிட்டியைத் தேடுங்கள். கூட்டத்துக்கு முன் ஐந்து முழு வேலை நாட்கள் இருக்கும்படி அஜெண்டாவும் அறிக்கைகளும் வெளியாக வேண்டும் என்பது சட்டம். செவ்வாய்க்கிழமை கூட்டம் என்றால் முந்தின வாரத் திங்கட்கிழமையே வந்திருக்க வேண்டும்.

திறந்ததும் மிரண்டுவிடாதீர்கள், நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும். முழுவதையும் படிக்க வேண்டாம், கவுன்சிலர்களே எல்லாரும் படிப்பதில்லை. முதலில் போன கூட்டத்தின் மினிட்ஸ், அதாவது நடந்ததைப் பற்றிய குறிப்பு. யார் என்ன கேட்டார்கள், 'பிறகு எழுத்தில் தருகிறோம்' என்று அதிகாரிகள் சொன்னது எத்தனை, அது வந்ததா என்று பாருங்கள். அப்புறம் பெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட். அவ்வளவுதான், மற்றதெல்லாம் நேரம் இருந்தால்.

சில பக்கங்கள் 'பொதுமக்களுக்கு இல்லை' என்று மூடப்பட்டிருக்கும், அந்தப் பகுதி வரும்போது உங்களை வெளியே போகச் சொல்வார்கள். ஒரு குழந்தையை அடையாளம் காட்டிவிடும் தகவல் என்றால் நியாயம்தான். ஆனால் சேவையே மோசமாக இருக்கிறது என்ற அறிக்கையை மூடி வைத்தால், எந்தச் சட்டப் பிரிவின் கீழ் மூடினீர்கள் என்று கேட்கலாம், அதை அவர்கள் அஜெண்டாவிலேயே எழுதியிருக்க வேண்டும். திறந்த பகுதியை நீங்கள் போனில் பதிவும் செய்யலாம், 2014 முதல் அது உங்கள் உரிமை. கூட்டத்தில் குழந்தைகளோ இளைஞர்களோ வந்து பேசினால் மட்டும் கேமராவை அவர்கள் பக்கம் திருப்பாதீர்கள்.

பச்சை வட்டத்தை நம்பாதீர்கள்

பெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட் என்பது ஒரு நீண்ட அட்டவணை. ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண், ஓர் இலக்கு, பக்கத்தில் சிவப்போ மஞ்சளோ பச்சையோ ஒரு வட்டம். கமிட்டி நேரம் எல்லாம் சிவப்புக்குப் போய்விடும், பச்சையை யாரும் தொடமாட்டார்கள். என் கணக்கில் முக்கியமான கேள்விகள் பச்சையில்தான் ஒளிந்திருக்கின்றன.

ஒரு வரியை மட்டும் எடுத்துப் பார்ப்போம், எண்கள் நானாகப் போட்டவை. 'பாதுகாப்புத் திட்டத்தில் உள்ள குழந்தைகளுக்கு உரிய நேரத்தில் வருகை: 94 சதவீதம். இலக்கு 90.' பச்சை. பார்த்ததும் திருப்தியாக இருக்கும். அந்த எண் சொல்வது என்ன? குறித்த நாளுக்குள் யாரோ ஒரு சோஷியல் வொர்க்கர் போனதாகக் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கிறது, அதுதான், அது மட்டும்தான். கதவைத் தட்டி, அம்மாவிடம் வாசலில் பேசிவிட்டுத் திரும்பினாரா, குழந்தையைப் பார்த்தாரா, பெற்றோர் பக்கத்தில் இல்லாமல் தனியாகப் பேசினாரா, அது தூங்கும் இடத்தைப் பார்த்தாரா, போன மாதம் வந்த அதே ஆள்தானா, எதுவும் அதில் இல்லை. 2007-ல் லண்டனின் ஹேரிங்கேயில் இறந்த குழந்தை பீட்டரை எட்டு மாதங்களில் சுமார் 60 முறை அதிகாரிகளும் மருத்துவப் பணியாளர்களும் பார்த்திருந்தார்கள் என்று அப்போது செய்திகளில் வந்தது. வருகைக் கணக்கு மட்டும் பார்த்தால் அதுவும் பச்சையாகத்தான் தெரிந்திருக்கும்.

மிச்சம் உள்ள 6 சதவீதத்தையும் விடாதீர்கள். திட்டத்தில் 200 குழந்தைகள் இருந்தால் அது 12 பேர். ஒவ்வொரு மாதமும் வேறு வேறு 12 பேர் என்றால் ஒரு விஷயம், அதே 12 பேர்தான் மாதாமாதம் விடுபடுகிறார்கள் என்றால் அது முற்றிலும் வேறு விஷயம். அட்டவணை இதைச் சொல்லாது, நீங்கள் கேட்டால்தான் வரும். சதவீதம் எங்கே இருந்தாலும் தலை எண்ணிக்கை என்ன என்று கேட்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து ரீ-ரெஃபரல். ஒரு குழந்தையைப் பற்றி ரெஃபரல் வந்து 12 மாதத்துக்குள் மறுபடி ஒன்று வருவது. நாட்டுச் சராசரி ஐந்தில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். அதைவிட அதிகம் என்றால் அவசர அவசரமாகக் கேஸை மூடுகிறார்கள் என்று சந்தேகிக்கலாம். மிகக் குறைவாக இருந்தால் கைதட்டத் தோன்றும், ஆனால் வரும் போன்களையெல்லாம் 'விசாரிப்பு' என்று எழுதி ரெஃபரலாகவே கணக்கெடுக்காமல் திருப்பி அனுப்பினாலும் அந்த எண் இறங்கும். அதனால் மொத்தம் எத்தனை தொடர்புகள் வந்தன, அதில் எத்தனை ரெஃபரலாக மாறின என்ற வரியையும் சேர்த்துப் படியுங்கள்.

சோஷியல் வொர்க்கர் ஒருவர் கையில் சராசரியாக எத்தனை குழந்தைகள், ஏஜென்சி மூலம் தற்காலிகமாக வரும் ஆட்கள் எவ்வளவு, வருடத்தில் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள்: இந்த மூன்றும் சிவப்பானால் மற்றதெல்லாம் ஆறு மாதம் கழித்துச் சிவப்பாகும் என்று எடுத்துக்கொள்ளலாம். சராசரி 16 என்று எழுதியிருந்தால் அதிகபட்சம் எத்தனை என்று கேளுங்கள். புதிதாகச் சேர்ந்தவர் கையில் 8 இருந்து அனுபவசாலி கையில் 24 இருந்தாலும் சராசரி 16தான்.

உங்கள் கவுன்சிலின் எண் நல்லதா கெட்டதா என்று தனியாகப் பார்த்தால் தெரியாது. கவுன்சிலின் பராமரிப்பில் உள்ள குழந்தைகளை 10,000 குழந்தைகளுக்கு எத்தனை என்றுதான் கணக்கிடுவார்கள், இங்கிலாந்து முழுவதும் அது சமீப வருடங்களில் 70-ஐ ஒட்டி இருக்கிறது. ஆனால் வறுமை அதிகமுள்ள ஊரையும் பணக்காரப் புறநகரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அதற்காகத்தான் மக்கள்தொகையும் வருமானமும் ஒத்த கவுன்சில்களை 'ஸ்டாட்டிஸ்டிகல் நெய்பர்ஸ்' என்று சேர்த்து வைத்திருக்கிறார்கள். கல்வித் துறை வருடாவருடம் வெளியிடும் புள்ளிவிவரங்களில் ஒவ்வொரு கவுன்சிலுக்கும் தனித்தனியாக எண்கள் கிடைக்கும். தன்னைவிட மோசமான ஊரை மட்டும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் அறிக்கைகளையும் பார்க்கலாம், அதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு ஒரு மாலை நேரம் போதும்.

ஆஃப்ஸ்டெட் அறிக்கை

பள்ளிகளைப் பார்க்கும் அதே ஆஃப்ஸ்டெட்தான் கவுன்சிலின் குழந்தைகள் சேவையையும் ஆய்வு செய்கிறது. 2018 முதல் இப்போதைய ஆய்வு முறை. கொடுத்த கிரேடை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடாதீர்கள். பீட்டர் இறந்த அதே 2007-ல் ஹேரிங்கேயின் குழந்தைகள் சேவைக்குக் கிடைத்த மதிப்பீடு 'நன்று'. அறிக்கையின் முன்பகுதியிலேயே 'எதெல்லாம் மேம்பட வேண்டும்' என்று சில வரிகள் இருக்கும். அவற்றை அப்படியே வெட்டியெடுத்து வைத்துக்கொண்டு, கமிட்டியின் அடுத்த கூட்டங்களில் அந்த வரிகள் எத்தனை தடவை அஜெண்டாவில் வந்தன என்று தேடிப் பாருங்கள். ஒரு தடவை வந்துவிட்டு மறைந்த வரி ஒன்றாவது அநேகமாக இருக்கும்.

காகிதத்தில் இல்லாதது

நம் குடும்பங்களைப் பொறுத்தவரை எந்த அட்டவணையிலும் இல்லாத இரண்டைச் சொல்கிறேன். ஒன்று மொழிபெயர்ப்பாளர். வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் தாயை விசாரிக்கும்போது யார் மொழிபெயர்த்தார்கள்? கணவரா, பக்கத்து வீட்டுக்காரரா, பத்து வயது மகளா? புகாரே கணவர் மேல் என்றால் அந்த விசாரணையின் கதி என்ன என்று சொல்லத் தேவையில்லை. மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்ட மதிப்பீடுகள் எத்தனை, வெளியிலிருந்து தகுதியான ஆள் வந்தது எத்தனைக்கு என்று கேளுங்கள். கணக்கே வைத்திருக்கவில்லை என்று பதில் வந்தால் அதுவே ஒரு பதில்தான்.

இன்னொன்று 'பிரைவேட் ஃபாஸ்டரிங்'. 16 வயதுக்குட்பட்ட பிள்ளையை நெருங்கிய உறவினர் அல்லாத ஒருவர் வீட்டில் 28 நாளோ அதற்கு மேலோ தங்கவைத்து வளர்த்தால் கவுன்சிலுக்குத் தெரிவித்தாக வேண்டும், ஊனமுள்ள பிள்ளை என்றால் 18 வயதுவரை. தாத்தா, பாட்டி, சித்தப்பா, மாமா, அத்தை எல்லாம் நெருங்கிய உறவு. ஒன்றுவிட்ட உறவும், அப்பாவின் நண்பரும் அதில் வரமாட்டார்கள். நமக்கு 'எல்லாரும் சொந்தம்தானே' என்று தோன்றும் ஏற்பாடுகள் பல இதில் அடங்கும், யாரும் தெரிவிப்பதில்லை. விக்டோரியா இருந்ததும் சொந்தப் பாட்டி அல்லாத, பாட்டி முறை உறவுப் பெண் ஒருவரிடம்தான். உங்கள் கவுன்சிலுக்கு வருடத்தில் எத்தனை அறிவிப்புகள் வந்தன என்று பாருங்கள். லட்சக்கணக்கான மக்கள் உள்ள ஊரில் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்தால், தேடிப் போகவில்லை என்று அர்த்தம்.

இப்படிக் காகிதத்தில் இல்லாத எண்களைத் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் மின்னஞ்சலில் கேட்கலாம். 20 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும், காசு கிடையாது. கமிட்டிக்கு இரண்டு மாதம் முன்பே கேட்டுவிட்டால் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போகலாம்.

கேள்வியை எழுதுவது

பெரும்பாலான கவுன்சில்கள் பொதுமக்களிடமிருந்து கேள்வி வாங்கும், ஆனால் எத்தனை நாள் முன்பு அனுப்ப வேண்டும், எத்தனை வார்த்தை, யார் வாசிப்பது என்பது ஒவ்வொரு கவுன்சிலுக்கும் வேறு. அஜெண்டாவில் பெயர் போட்டிருக்கும், கூட்டங்களை ஏற்பாடு செய்யும் டெமாக்ரடிக் சர்வீசஸ் அதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் விவரமாகச் சொல்வார்கள், பொதுவாக உதவும் மனிதர்கள்தான்.

'குழந்தைகளின் பாதுகாப்புக்கு இந்தக் கவுன்சில் என்ன செய்கிறது?' என்று கேட்டால் இரண்டு பக்கத்துக்குப் பெருமை பேசிவிட்டு உங்களை உட்காரச் சொல்லிவிடுவார்கள். 'என் உறவினர் பிள்ளையின் கேஸை ஏன் மூடினீர்கள்?' என்று கேட்டால் தனிநபர் விவகாரம் என்று நிராகரிப்பார்கள், நிராகரிக்கவும் வேண்டும், ஒரு பிள்ளையின் வீட்டு விஷயம் பொதுக்கூட்டப் பதிவில் ஏறக்கூடாது. கேட்க வேண்டிய விதம் இது: 'இன்றைய அறிக்கையின் 41-ம் பக்கத்தில் 94 சதவீத வருகைகள் உரிய நேரத்தில் நடந்தன என்று உள்ளது. மீதியில் எத்தனை குழந்தைகள், அவர்களில் அடுத்தடுத்து இரண்டு வருகைகள் தவறியவர்கள் எத்தனை பேர், அந்தப் பட்டியலை வாராவாரம் பார்க்கும் பொறுப்பு எந்தப் பதவியில் இருப்பவருக்கு?' பக்க எண், எண்ணிக்கை, பொறுப்பாளர். இந்த மூன்றும் இருந்தால் நழுவ இடம் குறைவு. பல இடங்களில் பதிலுக்குப் பின் ஒரு துணைக் கேள்வி அனுமதிப்பார்கள், அதையும் எழுதிக்கொண்டு போங்கள், மேடையில் யோசித்தால் வராது. ஆங்கிலத்தில் தடுமாறுவோம் என்ற தயக்கம் இருந்தால் எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொல்லலாம். அல்லது உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கொடுத்துக் கேட்கச் சொல்லலாம், ஓட்டுக் கேட்டுக் கோயில் வாசலுக்கு வருபவர்கள்தானே.

கோபம் உங்கள் சொந்தக் குடும்பத்துக்கு நடந்த ஒன்றைப் பற்றியது என்றால் அதற்கு வேறு வழி. குழந்தைகள் சேவைக்கென்று மூன்று கட்டப் புகார் முறை உண்டு, பொதுவாகச் சம்பவம் நடந்த 12 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். முதல் கட்டத்துக்கு 10 வேலை நாள், சிக்கலானது என்றால் 20. திருப்தியில்லை என்றால் இரண்டாம் கட்டத்தில் தனி விசாரணை, 25 வேலை நாள், நீண்டால் 65. அப்புறம் மறுஆய்வுக் குழு. அதற்கும் மேலே, கவுன்சில்கள் மேல் வரும் புகார்களை வெளியிலிருந்து விசாரிக்கும் லோக்கல் கவர்ன்மென்ட் அண்ட் சோஷியல் கேர் ஓம்புட்ஸ்மன், கட்டணம் இல்லை. கோர்ட் முடிவெடுத்த விஷயத்தை மட்டும் அவர்கள் தொடமாட்டார்கள், அதற்கு வக்கீல்தான். இந்தப் புகார்களைப் பற்றிக் கவுன்சில் வருடாந்திர அறிக்கை தயாரிக்க வேண்டும். காலக்கெடுவுக்குள் பதில் தந்தது எத்தனை என்ற வரியை அதில் பார்த்துவிட்டால், கமிட்டியில் கேட்க இன்னொரு கேள்வி தயார்.

கூட்டம் முடிந்ததும் 'எழுத்தில் தருகிறோம்' என்று சொன்னதைத் தேதி போட்டுக் குறித்துக்கொண்டு, இரண்டு வாரத்தில் வராவிட்டால் கமிட்டித் தலைவருக்கே எழுதுங்கள். அடுத்த அஜெண்டாவில் 'ஆக்‌ஷன் லாக்' என்று ஒரு பட்டியல் இருக்கும், உங்கள் கேள்வி அதில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த வருடம் கமிட்டி எதையெல்லாம் ஆராயப்போகிறது என்ற 'வொர்க் புரோகிராம்' மே மாத ஆண்டுக் கூட்டத்துக்குப் பிறகு, கோடையில் முடிவாகும். மொழிபெயர்ப்பாளர் விஷயமோ பிரைவேட் ஃபாஸ்டரிங்கோ அதில் வர வேண்டும் என்று நினைத்தால், தலைவருக்கும் லீட் மெம்பருக்கும் ஏப்ரலிலேயே ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்பிவிடுங்கள்.